நெடுந்தூரக் கயாக் போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன், எதற்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்வது எப்படி

"அண்ணே, பெயர் கொடுத்துட்டேன், எப்படிப் பயிற்சி பண்றது?" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எதற்குப் போகிறீர்கள்? பாதிப் பேருக்கு இது பிடிப்பதில்லை. எந்தத் துடுப்பு வாங்கலாம், வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி சாமியார் கேள்வி மாதிரி படும். ஆனால் இது நடைமுறைக் கேள்வி. எந்தப் போட்டி, தனிப் படகா இரட்டைப் படகா, எத்தனை மாதம் பயிற்சி, நடு இரவில் எதை வைத்து உங்களைத் தள்ளிக்கொண்டு போவது, எல்லாமே இதற்கு நீங்கள் சொல்லும் பதிலில் இருக்கிறது.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். இங்கே இருப்பதிலேயே நீளமான ஆறு காலாங் ஆறு, அதுவே 10 கிலோமீட்டர்தான். தீவு முழுவதையும் கிழக்கிலிருந்து மேற்காக அளந்தாலும் சுமார் 50 கிலோமீட்டர். கனடாவில் வைட்ஹார்ஸிலிருந்து டாசன் சிட்டி வரை நடக்கும் யூக்கான் ரிவர் குவெஸ்ட் 715 கிலோமீட்டர், அதில் வரும் லபார்ஜ் ஏரி மட்டுமே ஏறக்குறைய நம் தீவின் நீளம். அப்படிப்பட்ட ஒன்றுக்கு இங்கே பயிற்சி எடுப்பது என்றால் ஒரே நீர்த்தேக்கத்தைச் செக்குமாடு மாதிரி சுற்றுவதுதான், காரணம் சரியாக இல்லாதவர்கள் மூன்றாவது வாரமே காணாமல் போய்விடுகிறார்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது துடுப்பு வலித்து அல்ல, கரையில் நின்று. என் மச்சான் ஆஸ்திரேலியாவின் ஹாக்ஸ்பரி கனூ கிளாசிக்குக்குப் போனான். வின்ட்சர் என்ற ஊரில் தொடங்கி ஆற்றோடு இரவு முழுக்க வலித்துக் கடலுக்குப் பக்கத்தில் முடிக்க வேண்டும், 111 கிலோமீட்டர் என்பதுதான் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக நிதி திரட்டும் போட்டி அது. மச்சான் அலுவலகம் முழுக்கச் சொல்லி, தேக்காவில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லி, நல்ல தொகை சேர்த்தான். இப்படிப்பட்ட போட்டிகளில் கரையில் ஒரு துணையாள் வேண்டும், சோறு, உலர்ந்த துணி, சூடாக ஏதாவது எடுத்துக்கொண்டு காரில் முன்னால் போய்க் காத்திருப்பதற்கு. அது நான்.

வைஸ்மன்ஸ் ஃபெரி என்ற இடம் பாதி தாண்டி வரும். அங்கே நள்ளிரவுக்கு மேல் ஒன்றரை மணிநேரம் குளிரில் நின்றேன். ஆறு தெரியாது, படகும் தெரியாது, படகின் முனையில் கட்டிய ஒளிக்குச்சி மட்டும் பச்சையாக மிதந்து வரும், நம்ம ஆளா என்று எட்டிப் பார்ப்பதற்குள் வேறு யாரோ இறங்குவார்கள். கடைசியில் மச்சான் வந்தான். படகைப் பிடித்துக்கொண்டேன், அவனால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு கைவிரல்களும் துடுப்பைப் பிடித்த வாக்கிலேயே மடங்கி இருந்தன, நான்தான் ஒவ்வொரு விரலாக விரித்துவிட்டேன். பிளாஸ்டர் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது. ஃபிளாஸ்கில் இருந்த மைலோவைக் கொடுத்து, புளிச்சோற்று உருண்டையை வாயில் வைத்தேன். "போதும்டா, வா காருக்கு" என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. அவன் மென்றுகொண்டே கேட்டான்: "நரைச்ச தலையோட ஒரு பாட்டி, மரப் படகு, இந்தப் பக்கம் போனாங்களா?"

போய்விட்டார்கள், அரைமணி ஆகிறது என்றேன். "ரெண்டு தடவை என்னைத் தாண்டிட்டாங்க. பாட்டு முணுமுணுத்துக்கிட்டே தாண்டுறாங்க. விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறிப் போய்விட்டான். முடிக்கவும் செய்தான். பாட்டியைப் பிடிக்கவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, ஒருவரைப் போட்டிக்குள் இழுத்து விடும் காரணம் வேறு, உள்ளே போனபிறகு இழுத்துக்கொண்டு போகும் காரணம் வேறு. முதலாவதைக் கரைக் காரணம் என்றும் இரண்டாவதைத் தண்ணீர்க் காரணம் என்றும் நான் எனக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டும் வேண்டும். நிதி திரட்டுகிறேன் என்ற நல்ல எண்ணம் மச்சானை விமானம் ஏற்றியது, ஆனால் இரவு இரண்டு மணிக்கு அவனை நகர்த்தியது ஒரு பாட்டி மேல் வந்த ரோஷம்.

முதலில் கரைக் காரணத்தைத் தேடுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள், கைபேசியில் வேண்டாம், கைபேசியில் எழுதினால் அதை எங்கேயாவது பதிவு போடத் தோன்றும். எழுதியபிறகு உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை முடித்தேன் என்று யாரிடமும் சொல்லவே கூடாது, படமும் எடுக்கக் கூடாது என்றால் அப்போதும் போவேனா? போவேன் என்றால் காரணம் நல்லது. கொஞ்சம் யோசித்தால்கூடப் பரவாயில்லை, இன்னொரு காரணம் அடியில் ஒளிந்திருக்கும், தோண்டுங்கள். உடனே "அப்ப எதுக்கு?" என்று வாயில் வந்தால் காலாங்கில் வாடகைப் படகு எடுத்து ஒரு மணிநேரம் சுற்றிவிட்டு, பிரத்தா சாப்பிட்டு வீட்டுக்குப் போகலாம், அதில் ஒரு தப்பும் இல்லை.

எனக்குத் தெரிந்தவரை மக்கள் போவது ஐந்தாறு காரணங்களுக்காகத்தான். அதில் வீம்பு முக்கியமானது, அதைக் குறைவாக நினைக்காதீர்கள். இந்தப் போட்டிகளில் பல வீம்பில்தான் பிறந்தன. இங்கிலாந்தின் டிவைஸஸ் முதல் வெஸ்ட்மின்ஸ்டர் வரையிலான போட்டிக்கு 1948இல் நடந்த ஒரு பந்தயம்தான் மூலம், 100 மணிநேரத்துக்குள் படகில் போய்ச் சேர முடியுமா என்று. இன்றைக்கு அது 125 மைல், ஏறக்குறைய 200 கிலோமீட்டர், வழியில் 77 இடங்களில் படகைத் தூக்கிக்கொண்டு கரையில் ஓட வேண்டும். டெக்சஸில் 1962இல் இரண்டு பேர் மோட்டார் இல்லாமல் சான் மார்கஸிலிருந்து கடல் வரை வலித்துக் காட்டினார்கள், அடுத்த ஆண்டே அது டெக்சஸ் வாட்டர் சஃபாரி என்ற போட்டியாகிவிட்டது. இன்றைக்கு 260 மைல், 100 மணிநேர வரம்பு. முடித்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு துணிச் சின்னம். பரிசுப் பணம் கிடையாது. அந்தத் துண்டுத் துணிக்காக முதலை, பாம்பு, விழுந்து கிடக்கும் மரம் எல்லாவற்றையும் தாண்டி ஆட்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டூசி போட்டி 1951இல் முதல் முறை நடந்தபோது எட்டுப் பேர் கிளம்பி ஒரே ஒருவர்தான் போய்ச் சேர்ந்தார். இயன் பிளேயர் என்ற அந்த மனிதருக்கு ஆறு நாள் ஆனது, வழியில் பாம்பும் கடித்தது. பின்னாளில் வெள்ளைக் காண்டாமிருகத்தைக் காப்பாற்றியவர் என்று உலகம் அவரைக் கொண்டாடியது, அதுவும் அதே வீம்புதான் என்று எனக்குத் தோன்றும்.

வீம்புக்காரர்கள் செய்ய வேண்டியது, முடிக்கக் கஷ்டமான போட்டியையே தேர்ந்தெடுப்பது. சுலபமானதை முடித்தால் அவர்களுக்குத் தூக்கம் வராது.

அடுத்தது நேர்த்திக்கடன். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி தூக்கி நடப்பவரிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பெயர் சொல்வார், அம்மா, பிள்ளை, பிழைத்து எழுந்த மனைவி. படகுப் போட்டியிலும் இந்த ஆட்கள் உண்டு, படகில் ஒரு பெயரை எழுதி ஒட்டியிருப்பார்கள், அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். இருப்பதிலேயே உறுதியான காரணம் இதுதான். ஆபத்தானதும் இதுதான், ஏனென்றால் நிறுத்த வேண்டிய நேரத்தில் இவர்கள் நிறுத்தமாட்டார்கள். இது உங்கள் காரணம் என்றால் கரைத் துணையாளுக்கு முன்பே முழு அதிகாரம் கொடுத்துவிடுங்கள், "நீ போதும்னா போதும்" என்று.

ஊர் பார்க்கப் போகிறவர்கள் இன்னொரு ரகம். ஆற்றின் வேகத்தில் அமைதியாக, சாலையே இல்லாத காட்டுக்குள் போக வேண்டும் என்ற ஆசை. இவர்கள் போட்டியைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஹாக்ஸ்பரிக்குப் போனால் இரவில் ஒளிக்குச்சியைத் தவிர எதுவும் தெரியாது. காட்சிக்காகப் போகிறவர்களுக்கு யூக்கான் சரி, ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைவது பெயருக்குத்தான், நள்ளிரவிலும் கரை தெரியும். இல்லையென்றால் ஆஸ்திரேலியாவின் மர்ரி ஆற்றில் நாள் கணக்கில் பகலில் வலித்து இரவில் கூடாரத்தில் தூங்கும் போட்டி இருக்கிறது, 404 கிலோமீட்டர், முதலில் 1969இல் நடந்தது. பகலில் மட்டும் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று இரவுப் போட்டிக்குப் போனவர்களுக்குத்தான் தெரியும்.

கடிகாரத்தோடு சண்டை போடுபவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அவர்களிடம் ஏற்கெனவே அட்டவணை இருக்கும்.

அப்புறம், ஒருவரோடு சேர்ந்து போக வேண்டும் என்பதற்காகவே போகிறவர்கள். கணவன் மனைவி, அப்பா மகன், தேசிய சேவையில் ஒன்றாக இருந்த நண்பர்கள். இரட்டைப் படகில் முன்னால் உட்காருபவர் தாளம், பின்னால் உட்காருபவர் அந்தத் தாளத்தைப் பிடித்துத் திசையையும் பார்க்க வேண்டும். கேட்க எளிது. நானும் நெருங்கிய நண்பர் ஒருவரும் பிடோக் நீர்த்தேக்கத்தில் மூன்று மணிநேரம் இப்படிப் போனோம். முதல் ஒரு மணிநேரம் கதை, இரண்டாவது மணிநேரம் மௌனம், மூன்றாவதில் "நீ வலிக்கவே இல்ல, தண்ணிய தடவுற" என்று அவர் திரும்பிப் பார்த்துச் சொல்ல, நான் பதிலுக்குத் துடுப்பை நீட்ட, இரண்டு பேரும் தண்ணீரில். சிரித்துக்கொண்டே ஏறினோம், ஆனால் இரட்டைப் படகில் போகும் யோசனையை அன்றோடு விட்டோம், நட்பு பிழைத்தது. ஆகவே துணையோடு போகிறவர்கள் பெயர் கொடுப்பதற்கு முன் குறைந்தது ஒரு ஐந்து மணிநேரப் பயணம் சேர்ந்து போய்விடுங்கள். சண்டை வரட்டும், வர வேண்டும். சண்டைக்குப் பிறகு எவ்வளவு நேரத்தில் தாளம் திரும்புகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, காரணம் எழுதியாகிவிட்டது. அது உண்மையா என்று மலிவாகச் சோதிக்க நம் ஊரே போதும். மெக்ரிட்சியோ பிடோக்கோ காலாங்கோ, வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். புதியவர் என்றால் முதலில் 'ஒன் ஸ்டார்' என்ற தொடக்கநிலைக் கயாக் சான்றிதழ் பயிற்சியை முடித்துவிடுங்கள், கடல் பக்கம் போக ஆசைப்பட்டால் பின்னால் உதவும். வாடகைக்குக் கிடைப்பது கனமான பிளாஸ்டிக் படகுதான், குளியல் தொட்டி மாதிரி நகரும், பரவாயில்லை, சோதனைக்கு அதுதான் நல்லது. ஐந்து மணிநேரம். பாட்டு கிடையாது, கைபேசி உறைக்குள். காலையில் முதல் ஆளாகப் போய் எடுங்கள், மதியத்துக்கு மேல் இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் கரையேறத்தான் வேண்டும், அதில் வீம்பு கூடாது. மெக்ரிட்சி என்றால் சாப்பாட்டுப் பையைக் கரையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், குரங்குகள் ஜிப்பைத் திறக்கும், நான் சொல்வது மிகை இல்லை.

முதல் மணிநேரம் சந்தோஷமாக இருக்கும். இரண்டாவதில் தோள் பேசத் தொடங்கும், அது கையால் மட்டும் வலிக்கிறீர்கள் என்று அர்த்தம், இடுப்பைத் திருப்பி முதுகால் வலிக்க வேண்டும். துடுப்பு போடுவதற்கும் நோவதற்கும் தமிழில் ஏன் ஒரே சொல் என்று மூன்றாவது மணிநேரம் தானாக விளங்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது நான்காவது மணிநேரத்தை. அதே பாலம், அதே மிதவை, அதே மீன்பிடிக்கும் அங்கிள் பன்னிரண்டாவது முறையாக உங்களைப் பார்க்கிறார். அப்போது மனசு எங்கே போகிறது? தாளில் எழுதிய காரணம் நினைவுக்கு வருகிறதா, வந்தால் சிரிப்பு வருகிறதா கோபம் வருகிறதா? வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன்னால் அதைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். குளித்துச் சாப்பிட்டுவிட்டால் எல்லாம் நன்றாக இருந்த மாதிரி தோன்றிவிடும்.

இரவுப் பயிற்சிக்கு நம் ஊரில் வழி குறைவு, படகு வாடகை இடங்கள் பொழுது சாய்வதற்குள் மூடிவிடும். ஆனால் தூக்கமில்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளப் படகு தேவையில்லை. தேசிய சேவை முடித்தவர்களுக்கு அந்த 24 கிலோமீட்டர் நடை நினைவிருக்கும். மற்றவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை இரவு முழுக்கத் தூங்காமல், கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் நடந்துவிட்டு, சனிக்கிழமை முதல் வேளைக்கே படகு எடுத்துப் பாருங்கள். யாராவது கூட இருக்க வேண்டும், தனியாகச் செய்யாதீர்கள். நாள்கணக்கில் தூங்காமல் வலிப்பவர்களுக்கு மரங்கள் கட்டடமாகவும் பாறைகள் ஆட்களாகவும் தெரிவது சகஜம், முடித்தவர்கள் பலரும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் அல்லது நடுவில், முடிந்தால் ஒருமுறை யாருக்காவது கரைத் துணையாளாகப் போய்விட்டு வாருங்கள். நூறு பேர் என்ன காரணத்துக்காக வருகிறார்கள் என்று ஒரே இரவில் கண்ணால் பார்க்கலாம், நுழைவுக் கட்டணமும் கிடையாது.

தண்ணீர்க் காரணங்களை முன்கூட்டியே முழுவதும் தயார் செய்ய முடியாது, பாட்டி எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும். ஆனால் சில்லறையாகக் கொஞ்சம் சேர்த்து வைக்கலாம். படகின் மேல்தளத்தில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே தெரிகிற இடத்தில், வெள்ளை டேப் ஒட்டி நான்கைந்து வரி எழுதுங்கள். பெரிய வசனம் வேண்டாம், "நடக்கும் என நம்பு" மாதிரி எழுதியதை இரவில் பார்த்தால் கிழித்தெறியத் தோன்றும். "அடுத்த நிறுத்தத்தில் தேநீர்." "20 நிமிடத்துக்கு ஒரு பேரீச்சம்பழம்." எனக்குத் தெரிந்த ஒருவர் பதினாறாம் வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போவார், தப்பு வந்தால் சாப்பிட வேண்டிய நேரம் என்று கணக்கு.

நடுவில் காரணம் மொத்தமாகச் செத்துவிடும், எல்லோருக்கும் நடக்கும். அப்போது படகுக்குள் உட்கார்ந்துகொண்டு முடிவெடுக்காதீர்கள். கரையேறுங்கள், உலர்ந்த துணி மாற்றுங்கள், உப்பும் சோறுமாக ஏதாவது சாப்பிடுங்கள், 20 நிமிடம் கழித்து யோசியுங்கள். பாதி நேரம் பசிதான் தத்துவம் பேசியிருக்கும். ஆனால் நடுக்கம் நிற்காமல் இருந்தாலோ, அதைவிட மோசமாக, குளிருக்குள் இருந்துகொண்டே நடுக்கம் தானாக நின்றுபோனாலோ, பேச்சு குழறினாலோ, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று குழம்பினாலோ, யோசிக்க ஒன்றுமில்லை, உடனே உதவி கேளுங்கள், போட்டி அத்தோடு முடிந்தது. நம்மவர்களுக்குக் குளிரில்தான் ஆபத்து அதிகம். வருடம் முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் வலித்துப் பழகியவர்கள், கவிழ்ந்தால் குளித்த மாதிரி ஏறிவிடுவோம். யூக்கானில் அப்படி இல்லை.

வீட்டில் பேசும்போதும் அந்தத் தாளைக் காட்டுங்கள். எட்டு மாதத்துக்கு வாரம் மூன்று காலை, விமானக் கட்டணம், படகு வாடகை, துணையாளின் செலவு என்று சில ஆயிரம் வெள்ளி போகும், சனிக்கிழமை சந்தைக்குப் போவது யார் என்ற கேள்வியும் வரும். என் அம்மாவிடம் நான் சொன்னபோது, "யாரும் கூப்பிடலையேடா, எதுக்குப் போற?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அப்போதே நின்றிருக்க வேண்டும்.

ஆமாம், மச்சான் முடித்ததைப் பார்த்து அடுத்த ஆண்டு நானும் ஹாக்ஸ்பரிக்குப் போனேன். காரணம் கேட்டவர்களிடம் உடம்பைச் சோதிக்க என்றேன். உண்மையில் மச்சானுக்குக் கிடைத்த டீசட்டை எனக்கும் வேண்டும், அவ்வளவுதான். சாக்வில் என்ற நிறுத்தம் போட்டியின் தொடக்கப் பகுதியில்தான் வரும், அதற்குள்ளேயே எதிர்நீரோட்டம், வயிற்றில் மூன்று இனிப்புக் கூழ்ப் பொட்டலம், வாந்தி. கரையில் மச்சான் புளிச்சோற்றை நீட்டினான். நான் டீசட்டையை நினைத்துப் பார்த்தேன், ஒன்றும் நகரவில்லை. காரில் ஏறிப் படுத்துவிட்டேன்.

இந்த அக்டோபருக்கு மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறேன். சாக்வில்லுக்குக் கீழே அந்த ஆறு இரவில் எப்படிச் சத்தம் போடும் என்று கேட்க வேண்டும், போன தடவை கார்க் கண்ணாடிக்குள் இருந்து அது கேட்கவில்லை. தாளில் இதை எழுதி ஏழு வாரம் ஆகிறது, பிடோக்கில் மூன்று முறை ஐந்து மணிநேரம் போய்விட்டேன், இன்னும் போரடிக்கவில்லை. அம்மா இந்த முறையும் கேட்டார். சொன்னேன். "சத்தம் கேக்கவா?" என்று ஒருமுறை பார்த்துவிட்டு, புளி ஊறவைக்க உள்ளே போய்விட்டார்.